கீசர் எத்தனை நிமிடம் ஓடினால் போதும்?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும், கீசரைத் தொடவே வேண்டாம். ஐப்பசி அடைமழையில் தொடங்கி தை வரைக்கும்தான் அதற்கு வேலை. அந்தக் கொஞ்ச நாளிலும் காலையில் சுவிட்சைப் போட்டால் கடைசி ஆள் குளித்து முடிக்கும்வரை அணைப்பதே இல்லை.

கணக்கு சுலபம். லிட்டரை, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 15 லிட்டர் தண்ணீர் 26 டிகிரியிலிருந்து 60-க்குப் போக ஏறக்குறைய 0.6 யூனிட், அதாவது 2 கிலோவாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம். கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் 200-க்கு இறங்கும்போது அதே கீசர் 1.5 கிலோவாட் அளவுக்குத்தான் இழுக்கும், அப்போது 24 நிமிடம் ஆகும்.

அப்புறம், சூடு எவ்வளவு கசிகிறது என்றும் பார்க்கணும். ஒருநாள் குழாயையே திறக்காமல் கீசரைப் போட்டு வைத்து, சூடேறும்போது எரிகிற விளக்கு (பவர் விளக்கு இல்லை, அது எப்போதும் எரியும்) அணைந்தபின் மறுபடி எப்போது எரிகிறது, எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அத்தனையும் வீண் கரண்ட். சரி, கணக்கில் வந்த நிமிடத்துக்கு முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். வீட்டு ஆட்கள் அடுத்தடுத்துக் குளித்தால் இன்னும் மிச்சம்.