மடக்கு 4×5 கேமராவுக்கு முதல் லென்ஸும் ஃபிலிம் ஹோல்டரும் வாங்குவது எப்படி?

4×5 கேமரா, அதாவது 4×5 அங்குல ஃபிலிம் ஷீட்டில் ஒவ்வொன்றாகப் படம் எடுக்கும் பெரிய கேமரா, வாங்கப்போகிறவர்கள் கேமராவைப் பற்றித்தான் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். லென்ஸையும், ஷீட்டை வெளிச்சம் படாமல் வைத்திருக்கும் ஹோல்டரையும் கடைசி நாளில், மிச்சமிருக்கும் பணத்தில் அவசரமாக வாங்குகிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். படம் எவ்வளவு நன்றாக வரும் என்பது லென்ஸின் கையில். படம் வருமா வராதா என்பதே ஹோல்டரின் கையில். கேமரா இவை இரண்டையும் நேராகப் பிடித்துக்கொள்ளும் ஒரு துருத்தி, அவ்வளவுதான்.

இங்கே நான் பேசுவது மடித்தால் ஒரு தடித்த புத்தகம் அளவுக்குச் சுருங்கிவிடும் ஃபீல்டு கேமராக்களைப் பற்றி. இன்ட்ரெபிட், ஷமோனி, விஸ்டா, தச்சிஹாரா, பழைய கிரௌன் கிராஃபிக் எல்லாம் இந்த வகை. எது உங்களிடம் இருந்தாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

முதல் படி: துருத்தியை அளந்து பாருங்கள்

லென்ஸ் விளம்பரங்களைப் பார்க்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை முழுவதும் நீட்டி, லென்ஸை மாட்டும் பலகையான லென்ஸ் போர்டின் முகத்திலிருந்து, பின்னால் படம் பார்க்கும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் வரை எத்தனை மி.மீ. என்று அளக்க வேண்டும். பிறகு முழுவதும் சுருக்கி இன்னொரு முறை. இந்த இரண்டு எண்களையும் பர்ஸில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கு எந்த லென்ஸ் ஆகும், எது ஆகாது என்பதை இவைதான் சொல்லும்.

என் கேமரா 300 மி.மீ. வரை நீளும். அதில் 150 லென்ஸ் (குவியத் தூரம் 150 மி.மீ.) போட்டால் ஒரு பூவை அதன் நிஜ அளவிலேயே ஃபிலிமில் பதிக்கலாம், ஏனென்றால் நிஜ அளவுக்கு லென்ஸின் குவியத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு நீட்டினால் போதும். 210 லென்ஸ் என்றால் 70 செ.மீ. வரை நெருங்கலாம்; முகப்படம் எடுக்க அது தாராளம். 240 லென்ஸில் 1.2 மீட்டருக்குக் குறைவாகப் போக முடியாது. சாதாரண அமைப்புள்ள 300 லென்ஸை மாட்டினால் தொலைவில் உள்ள மலை மட்டும்தான் ஃபோகஸ் ஆகும், பக்கத்தில் நிற்கும் மனிதர் ஆகமாட்டார். டெலிஃபோட்டோ என்ற வடிவமைப்பில் வரும் நீள லென்ஸ்களுக்கு இவ்வளவு துருத்தி தேவைப்படாது, ஆனால் அவை கனமானவை, இமேஜ் சர்க்கிளும் (லென்ஸ் போடும் பட வட்டம்) குறைவு.

துருத்தியை நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். 210 லென்ஸை 300 வரை நீட்டினால் ஃபிலிமுக்குச் சேரும் வெளிச்சம் பாதியாகிவிடும், அதாவது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். 150 லென்ஸை 300 வரை நீட்டினால் கால் பங்குதான் சேரும், இரண்டு ஸ்டாப்.

இரண்டாம் படி: ஒரே ஒரு லென்ஸ், அதுவும் 150

4×5 ஷீட்டில் படம் விழும் பகுதி ஏறக்குறைய 95×120 மி.மீ. அதன் மூலைவிட்டம் 153. அதனால்தான் 150 லென்ஸ் இங்கே 'நார்மல்' ஆகிறது. 35 மி.மீ. கேமராவில் பழகியவர்கள் மூன்றால் வகுத்துப் பாருங்கள்: 150 என்பது அங்கே 50, 90 என்பது 30, 210 என்பது 70. துல்லியக் கணக்கு இல்லைதான், ஆனால் பார்வைக்கோணம் பிடிபட்டுவிடும்.

முதல் லென்ஸாக 90 வாங்க நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அகல லென்ஸில் கிரவுண்ட் கிளாஸின் மூலைகள் இருட்டாக இருக்கும், புதியவருக்கு ஃபோகஸ் பார்ப்பதே போராட்டமாகிவிடும். அப்புறம், துருத்தி இறுக்கமாகச் சுருங்கி நிற்பதால் லென்ஸை மேலே தூக்கவோ சாய்க்கவோ இடம் கொடுக்காது. 150 லென்ஸில் துருத்தி தளர்வாக இருக்கும், திரை வெளிச்சமாக இருக்கும், கை சீக்கிரம் பழகும். கொஞ்சம் அகலம் வேண்டுமென்றால் 135 வாங்குங்கள்.

மடக்கு கேமராவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறிய 150 அல்லது 135 லென்ஸ் ஒன்றைப் பல கேமராக்களில் கழற்றாமலேயே மடித்து மூடிவிடலாம். பையிலிருந்து எடுத்தோம், விரித்தோம், படம் பார்த்தோம் என்று இருக்கும். முதல் வருடத்தில் நீங்கள் எத்தனை முறை கேமராவை வெளியே எடுக்கிறீர்கள் என்பதை இந்தச் சின்ன வசதி நிறையவே மாற்றும்.

மூன்றாம் படி: இமேஜ் சர்க்கிள்

லென்ஸ் சதுரமாகப் படம் போடுவதில்லை, வட்டமாகத்தான் போடுகிறது. அந்த வட்டத்துக்குள் நம் ஷீட் அடங்க வேண்டும். 153 மி.மீ. வட்டம் இருந்தால் ஷீட் அடங்கிவிடும், ஆனால் அசைய இடமிருக்காது. பழைய ஷ்னைடர் ஆங்குலான் 90 எஃப் 6.8 இப்படித்தான் (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்வது; எண் கூடினால் துவாரம் சுருங்கும்). உள்ளங்கையில் அடங்கும் அழகான குட்டி லென்ஸ், வட்டம் 154 தான். நேராக வைத்து எடுக்கலாம்; தூக்கினால் மூலை கறுத்துவிடும்.

அசைவு எதற்கு? ஒரு கோபுரத்தின் எதிரே நில்லுங்கள். கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் பின்னால் சாய்வது போலப் படம் வரும். கேமராவை நேராக வைத்து, லென்ஸ் இருக்கும் முன்பலகையை மட்டும் மேலே தூக்கினால் கலசம் திரைக்குள் வந்துவிடும், கோபுரமும் நிமிர்ந்தே நிற்கும். பெரிய ஃபார்மட்டுக்கு வருபவர்களில் பாதிப்பேர் வருவதே இதற்காகத்தான். ஷ்னைடர் சிம்மார்-எஸ் 150 லென்ஸின் வட்டம் எஃப் 22 வைத்தால் 210 மி.மீ. ஷீட்டைச் செங்குத்தாக வைத்துக் கணக்குப் போட்டால் 33 மி.மீ. வரை தூக்கலாம். அது நிறைய உயரம்.

இடம் தீர்ந்துவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பல கிரவுண்ட் கிளாஸ்களின் நான்கு மூலைகளும் சிறிதாக வெட்டப்பட்டிருக்கும். லென்ஸைத் தூக்கிவிட்டு, படம் எடுக்கப்போகும் அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கி, அந்த வெட்டிய மூலை வழியாக லென்ஸை உற்றுப் பாருங்கள். துவாரம் வட்டமாக முழுசாகத் தெரிந்தால் சரி. எலுமிச்சை விதை போல நசுங்கித் தெரிந்தால் அந்த மூலை இருட்டாகும், கொஞ்சம் இறக்குங்கள்.

நான்காம் படி: எந்த லென்ஸ்?

ஷ்னைடர் சிம்மார்-எஸ், ரோடன்ஸ்டாக் சிரோனார்-என், நிக்கோர்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ. 150 எஃப் 5.6 என்று இந்த நான்கில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். இவற்றுக்குள் எது கூர்மை என்று ஒப்பிட்டு நாளைக் கடத்த வேண்டாம். லென்ஸோடு சேர்ந்து வரும் ஷட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நிக்கோர் 150-இன் ஃபில்டர் அளவு 52 மி.மீ. தான், பழைய நிக்கான் ஃபில்டர்கள் வீட்டில் இருந்தால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது லென்ஸ் ஒரு வருடம் கழித்து வாங்கலாம். அகலமாக வேண்டுமென்றால் நிக்கோர் எஸ்டபிள்யூ 90 எஃப் 8. வட்டம் 235 மி.மீ., தாராளமாகத் தூக்கலாம். நீளமாக வேண்டுமென்றால் பழைய கோடக் எக்டார் 203 எஃப் 7.7. அத்தனை சிறிய உருவத்துக்கு அது தரும் படத்தைப் பார்த்து எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இவை எல்லாமே இரண்டாம் கைச் சந்தையில் கிடைப்பவை. அதனால் கையில் வாங்கியதும் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் ஒரு வினாடியில் ஷட்டரை விட்டுக் காதால் கேளுங்கள். வெகுநாள் ஓடாத ஷட்டர் மெதுவான வேகங்களில்தான் முதலில் திணறும். பிறகு ஃபோனில் வினாடிக்கு 240 ஃப்ரேம் வீடியோ எடுத்து, ஷட்டர் எத்தனை ஃப்ரேம் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 1/30 என்றால் 8 ஃப்ரேம் வரவேண்டும். 10, 11 வந்தாலும் பயமில்லை, அந்தத் தாமதத்தை ஒரு சீட்டில் எழுதி லென்ஸ் மூடிக்குள் ஒட்டிவிட்டால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் மாறினால்தான் சர்வீஸ் தேவை.

அடுத்து, ஷட்டரைத் திறந்து வைத்து, ஃபோன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், விட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வாங்கிய பிறகும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஷ்னைடர் லென்ஸ்களின் விளிம்பில் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அது பெயின்ட் உரிவதுதான், படத்தில் ஒன்றும் ஆகாது. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

லென்ஸ் போர்டை மறந்துவிடாதீர்கள். கோப்பல் கம்பெனியின் 0 அளவு ஷட்டருக்குப் போர்டில் 34.6 மி.மீ. துளை, கோப்பல் 1-க்கு 41.6, கோப்பல் 3-க்கு 65. பல மடக்கு கேமராக்களுக்கு லின்ஹாஃப் டெக்னிக்கா வகைப் போர்டு பொருந்தும். ஷட்டரைப் போர்டில் இறுக்கும் பின்புற வளையம் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். என் முதல் லென்ஸ் அந்த வளையம் இல்லாமல் வந்தது. லென்ஸ் மேஜைமேல், கேமரா மேஜைமேல், இரண்டையும் சேர்க்க வழியில்லாமல் மூன்று வாரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் படி: ஹோல்டர்கள்

சாதாரண ஹோல்டரில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷீட். ஃபிடெலிட்டி, லிஸ்கோ, டொயோ ஆகிய பிளாஸ்டிக் ஹோல்டர்கள் போதும். எல்லாமே ஒரே தர அளவில் செய்யப்பட்டவை. ஃபிலிம் உட்காரும் ஆழம் 0.197 அங்குலம், அதாவது 5 மி.மீ. கிரவுண்ட் கிளாஸும் அதே ஆழத்தில் இருப்பதால்தான் திரையில் பார்த்த கூர்மை ஃபிலிமிலும் வருகிறது. அதனால் கம்பெனிகளைக் கலந்து வாங்கலாம், பயமில்லை.

கவனமாக இருக்க வேண்டியது, பார்ப்பதற்கு ஹோல்டர் போலவே இருக்கும் வேறு பொருள்களிடம். கண்ணாடித் தகடு ஹோல்டர், 9×12 செ.மீ. ஹோல்டர், போலராய்டு 545, ஃபுஜி குவிக்லோடு, கோடக் ரெடிலோடு. கடைசி மூன்றுக்கும் உரிய ஃபிலிமைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். விலை மலிவாகத் தெரிந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எத்தனை வேண்டும்? மூன்று. ஆறு ஷீட். ஒரு காலைப்பொழுதுக்கு அது போதும். ஒரு ஹோல்டர் ஏறக்குறைய 200 கிராம், ஐந்து எடுத்தாலே ஒரு கிலோ. கேமராவின் எடையை நெருங்கிவிடும். ஒரே பெட்டியில் ஆறு ஷீட் அடங்கும் கிராஃப்மேட்டிக் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் உள்ளே தகடுகள் வளைந்திருந்தால் சிக்கிக்கொள்ளும். முதல் ஹோல்டராக அதை வாங்க வேண்டாம்.

பழைய ஹோல்டர் வந்ததும், ஷீட்டை மூடும் தகடான டார்க் ஸ்லைடை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரிசலோ வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் திறக்கும் மடிப்பின் துணிக்கீல் கிழியாமல் இருக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் உள்ளே தூசியைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் 1, 2, 3 என்று எண் எழுதி ஒட்டுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆறாம் படி: இருட்டில் ஷீட் ஏற்றுவது

வீணான ஒரு ஷீட்டை வைத்து இருபது முறை கண்ணைத் திறந்துகொண்டும், இருபது முறை மூடிக்கொண்டும் பழகுங்கள். கைவிட்டு ஏற்றும் இருட்டுப் பையான சேஞ்சிங் பேக்கில் பத்து நிமிடத்தில் கை வியர்த்துவிடும், ஈரவிரல் பட்டால் ஃபிலிமில் தடம் விழும். இரவில் ஜன்னல் அடைத்த குளியலறை மேல்.

ஷீட்டின் ஒரு மூலையில் சிறு வெட்டுகள் இருக்கும். ஷீட்டைச் செங்குத்தாகப் பிடித்து அந்த வெட்டு வலது மேல் மூலையில் வரும்படி வைத்தால் எமல்ஷன் பக்கம், அதாவது படம் பதியும் பக்கம், உங்களைப் பார்க்கிறது. மடிப்பைத் திறந்து, இருபக்க ஓரப் பள்ளங்களுக்கு அடியில் ஷீட்டை நழுவ விடுங்கள். பிறகு விரல் நகத்தால் ஓரத்தை மெல்ல நெம்பிப் பாருங்கள். தூக்கவில்லை என்றால் பள்ளத்துக்குள் இருக்கிறது. தூக்கினால் மேலே ஏறிவிட்டது, வெளியே எடுத்து மறுபடி. மடிப்பை மூடி ஸ்லைடைத் தள்ளுங்கள். ஸ்லைடின் கைப்பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே இருந்தால் புது ஃபிலிம், கறுப்பு என்றால் எடுத்தாகிவிட்டது. வெள்ளைப் பக்கத்தில் புள்ளிகளோ கோடுகளோ விரலுக்குத் தட்டுப்படும், இருட்டிலும் தெரிந்துகொள்ளலாம்.

படம் எடுக்கும் இடத்தில் வரிசை இதுதான்: ஃபோகஸ் பார்த்ததும் ஷட்டரை மூடு, எஃப் எண்ணை வை, ஷட்டரின் நெம்புகோலை இழுத்துத் தயாராக வை, ஹோல்டரைச் செருகு, ஸ்லைடை உருவு, எடு, ஸ்லைடைக் கறுப்பு வெளியே தெரியத் திருப்பிப் போடு. ஸ்லைடை உருவும்போது இடது கையால் ஹோல்டரைக் கேமராவோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஹோல்டர் ஒரு மயிரிழை தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளி போதும் ஷீட்டில் வெளிச்சம் பட்டு வீணாகிப்போக.

ஏழாம் படி: ஃபிலிமுக்கு முன் பேப்பர்

விலை உயர்ந்த ஃபிலிமைத் திறக்கும் முன் கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரில் ஒரு நாள் பழகுங்கள். சிவப்பு விளக்கிலேயே ஏற்றலாம், தட்டில் கழுவலாம். 4×5 அங்குலம் என்று சரியாக வெட்டினால் ஹோல்டருக்குள் நுழையாது, 100×125 மி.மீ. என்று வெட்டுங்கள். ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொண்டால் நல்ல வெயிலில் எஃப் 22-க்கு 1/4 அல்லது 1/2 வினாடி.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பேப்பர் போட்டு, லென்ஸை மூடியபடியே ஸ்லைடை உருவி, கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் நிறுத்துங்கள். பிறகு கழுவுங்கள். பேப்பர் முழுக்க வெள்ளையாக வந்தால் அந்தப் பக்கம் நல்லது. எல்லாப் பேப்பரிலும் ஒரே இடத்தில் கறுப்பு வந்தால் ஓட்டை துருத்தியில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஓரத்திலிருந்து கறுப்பு வழிந்திருந்தால், அதில் நீங்கள் ஒட்டிய எண்ணைப் பாருங்கள். அந்த ஹோல்டரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றில் ஃபிலிம் ஏற்றலாம்.