கடப்பு முடிந்த கையோடு மூட்டை கட்டாதீர்கள்

வாலிநோக்கம், அரியமான் கடற்கரைகளுக்கு டெலஸ்கோப்போடு வரும் பிள்ளைகள் இந்த வருடமும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். முக்காலியைச் சமன் செய்வது, துருவத்தைப் பார்த்து நிறுத்துவது எல்லாம் பழகப் பழக வந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தொலைதூர விண்மீன்களைச் சுற்றும் பெருங்கோள்களை அளக்கும்போது இரவையே வீணாக்கும் தவறுகள் வேறு.

கடப்பை மட்டும் படமெடுப்பது

கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். அந்தக் குறைவை வைத்துத்தான் கோளின் ஆரத்தைக் கணக்கிடுகிறோம். 1999-ல் முதன்முதலாக இப்படிப் பிடிபட்டது எச்டி 209458 விண்மீனின் கோள். குறைவு சுமார் 1.5 சதவீதம், கடக்க ஆகும் நேரம் சுமார் 3 மணி.

புதியவர்கள் பதினொன்றுக்குத் தொடங்கி இரண்டுக்கு முடியும் என்று கணக்குப் பார்த்து, பதினொன்றுக்குக் கேமராவைத் திறந்து இரண்டுக்கு மூடுகிறார்கள். முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரமாவது கட்டாயம் வேண்டும். விண்மீன் மேற்கே சாயச் சாய, கடலோர ஈரக்காற்று அதன் ஒளியைக் கூடுதலாகத் தின்னும். நீல ஒளி அதிகம் போகும், சிவப்பு குறைவாகப் போகும். அதனால் வேறு நிறமுள்ள ஒப்பீட்டு விண்மீனோடு (அதே படத்தில் உள்ள, வெளிச்சம் மாறாத இன்னொரு விண்மீன்) வகுத்தாலும் ஒளிவளைவு, அதாவது நேரம் போகப் போக வெளிச்சம் மாறுவதைக் காட்டும் கோடு, சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்வில் காற்றின் பங்கு எவ்வளவு என்று சொல்வது கடப்புக்கு வெளியே இருபுறமும் எடுத்த படங்கள் மட்டுமே. அவை இல்லாவிட்டாலும் மென்பொருள் ஏதோ ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. 1.5 சதவீதம் 2 ஆகிவிட்டால் கோளின் ஆரம் 15 சதவீதம் கூடும், அடர்த்தி மூன்றில் இரண்டு பங்காக இறங்கிவிடும். இந்தக் கோள் ஏன் இப்படி ஊதிப் பெருத்திருக்கிறது என்ற கேள்வியே அடர்த்தியை வைத்துத்தான் எழுந்தது. தண்ணீரின் அடர்த்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு!

ஒரு செப்டம்பரில் கல்லூரிப் பிள்ளைகள் இதே கோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வானம் அவ்வளவு சுத்தம். வளைவு மேலே ஏறி வந்ததும் "வேன்காரர் கூப்பிடுறார் சார்" என்று கருவிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் இருங்கப்பா" என்று சொல்லியும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. இந்தக் கோளின் சுற்று 3.52 நாள். ஒன்று இரவில் வந்தால் அடுத்தது பகலில் வரும். ஆக வாரம் ஒரு வாய்ப்பு, அதுவும் வாரத்துக்கு வாரம் சுமார் 1 மணி 10 நிமிடம் தள்ளிப்போகும். விண்மீனோ வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே மறையும். சில வாரங்களில் முழுக் கடப்பு கைநழுவிவிடும். இரவில் வரும் கடப்புகளின் அடுத்த வரிசை தொடங்குவதற்குள் வாடைக்காற்று மழையோடு வந்துவிடும். ராமநாதபுரத்தில் அப்புறம் என்ன செய்வது?

நிறம் பார்க்காமல் ஒப்பீட்டு விண்மீன் எடுப்பது

எடுக்காதீர்கள்.

கடிகாரம்

உலக நேரத்தில் பதியுங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்து சேரும் நேரம் 8 நிமிடம் வரை முன்பின் ஆகும், அந்தத் திருத்தத்தையும் போடுங்கள்.

பனியும் உப்பும்

லென்ஸில் பனி மெல்லப் படியும்போது வெளிச்சம் மெல்லக் குறையும், பார்க்கக் கோள் மாதிரியே இருக்கும். சூடேற்றும் பட்டையை முதலிலிருந்தே போட்டுவிடுங்கள். உப்புப் படிந்த கண்ணாடியைத் துணியால் தேய்க்கவே கூடாது, கீறல் விழும்.

ஆரம் கிடைத்ததும் "வியாழன்" என்று அறிவிப்பது

வியாழன் அளவுதான் பழுப்புக் குள்ளனும் (கோளைவிட எடை கூடியது, விண்மீனாகும் அளவுக்கு எடை போதாதது) இருக்கும், மிகச் சிறிய சிவப்பு விண்மீனும் இருக்கும். எடை தெரிய வேண்டுமானால் விண்மீனின் தள்ளாட்டத்தை நிறமாலையில் அளக்க வேண்டும். 1995-ல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனின் கோளைக் கண்டது அந்த வழியில்தான். நம் நாட்டில் மவுண்ட் அபுவிலுள்ள பாரஸ் கருவி அதைச் செய்கிறது. 2023-ல் அது எடைபோட்ட டிஓஐ-4603பி என்ற கோள் ஆரத்தில் கிட்டத்தட்ட வியாழன்தான், எடையோ 13 மடங்கு.

இதைவிட அடிக்கடி ஏமாற்றுவது பக்கத்து விண்மீன். கடப்புகளைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை) அகலம், அதற்குள் இரண்டு மூன்று விண்மீன்கள் கலந்துவிடும். நம் 8 அங்குல டெலஸ்கோப் அவற்றில் பலவற்றைத் தனித்தனியாகக் காட்டிவிடும். அதனால் பக்கத்து விண்மீன்களுக்கும் ஒளிவளைவு போடுங்கள். மங்குவது அவற்றில் ஒன்று என்றால், பெரும்பாலும் அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாகத்தான் இருக்கும்.