ஹோனஸ் வாக்னரைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் என்றாலே பலருக்கு ஒரு சிகரெட் அட்டைதான், அதாவது சிகரெட் பெட்டியோடு வந்த அவர் படம் போட்ட அட்டைதான், ஞாபகம் வருகிறது. 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறிய அட்டை. அது 1897 முதல் 1917 வரை 21 சீசன் ஆடிய மனிதரையே மறைத்துவிட்டது. அவர் கதையை அங்கிருந்து தொடங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஹோம் ரன்னை (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்னை) வைத்து அவரை எடைபோடுவது. மொத்தமே 101தான். ஆனால் அது ஒரே பந்தை அழுக்கேறி மெத்தென்று ஆகும்வரை தேய்த்து ஆடிய காலம். 1908-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அவர் ஆடிய நேஷனல் லீகின் ஒட்டுமொத்த பேட்டிங் சராசரி .239. அதாவது ஆயிரம் வாய்ப்பில் 239 ஹிட். இதைக் கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாக்னரின் சராசரி .354! 53 பேஸ்களைத் திருடினார், அதாவது ஹிட்டுக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அடித்த ஹோம் ரன் 10. அதுவே லீகில் இரண்டாம் இடம். லீகிலேயே உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் இப்படி எட்டு முறை அவருக்குக் கிடைத்தது.

பிறவி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) என்றும் எழுதிவிடுகிறார்கள். முதலில் ஆடிய லூயிவில் அணியிலும் அடுத்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஆரம்ப ஆண்டுகளிலும் அவுட்ஃபீல்ட், முதல் பேஸ், மூன்றாம் பேஸ் என்று எங்கெங்கோ நின்றவர் அவர். ஷார்ட்ஸ்டாப்பாக நிலைத்தது 1903-ல், 29 வயதில்.

அதே 1903-ன் உலகத் தொடரில் (இரு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸில்) .222 மட்டுமே அடித்து, ஃபீல்டிங்கில் ஆறு பிழைகளும் செய்தார். அதை விட்டுவிட்டால் 1909-ன் அருமை புரியாது. டெட்ராய்டுக்கு எதிரான அந்த ஆண்டின் உலகத் தொடரில் அவர் .333, டெட்ராய்டின் நட்சத்திரம் டை கோப் .231. பைரேட்ஸ் ஏழாவது ஆட்டத்தில் தொடரை வென்றது. கோப்பின் வாயில் பந்தால் அறைந்தார் என்ற கதையை மட்டும் சேர்க்காதீர்கள், கோப்பே அதை மறுத்திருக்கிறார்.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 33 என்ற சட்டை எண், அப்புறம் பயிற்சியாளராக அணிந்தது. அவர் ஆடிய நாளில் சட்டையில் எண்ணே கிடையாது.

சரி, அட்டைக்கு வருவோம். சிகரெட்டோடு தன் படம் வருவதை அவர் நிறுத்தியது உண்மை. சிறுவர்கள் அதற்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது பலரும் சொல்லும் காரணம். அதற்காக அவரைப் புகையிலையே தொடாதவர் ஆக்கிவிடாதீர்கள், மென்றவர்தான். ஆரஞ்சுப் பின்னணியில் இருக்கும் அந்த முகத்துக்குக் கீழே பிட்ஸ்பர்க் என்ற ஆங்கிலப் பெயரில் கடைசி 'எச்' இருக்காது. அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். 1911 வரை அந்த ஊரின் அதிகாரபூர்வ எழுத்தே அப்படித்தான்.