பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டினால் டிரைவரில் கை வைக்காதீர்கள்

போன வருடம் ஜூலைக் கடைசியில், வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருக்கடியில் இருந்த ஓர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். "பிரிண்ட் வரல சார். டிரைவர தூக்கிட்டு மறுபடி போட்டுட்டேன், ரவுட்டரையும் ரீசெட் பண்ணிட்டேன், இப்ப நெட்டும் வரல" என்றான் அங்கிருந்த பையன். காலையில் அந்த ஆபீஸில் இருந்த கோளாறு ஒன்றுதான். கரண்ட் போய் வந்ததில் பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் வீட்டு எண், மாறியிருந்தது, அவ்வளவே. ஐந்து நிமிட வேலை. நான் போய்ச் சேர்ந்தபோது கோளாறு நான்காகியிருந்தது, மற்ற மூன்றும் அவனே சேர்த்தவை. மதியச் சாப்பாடு வரைக்கும் அவற்றைத்தான் சரி செய்துகொண்டிருந்தேன்.

அவனைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் செய்வதுதான். பிரிண்ட் வரவில்லை என்றதும் கை நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான் போகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? பக்கத்து சீட்டில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் வரவில்லை என்றால் உங்கள் டிரைவரை, அதாவது கம்ப்யூட்டர் பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருளை, நீக்கி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அடுத்தது பிரிண்டரிடமே கேட்பது. ஆபீஸ் பிரிண்டர் பெரும்பாலானவற்றில், கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் தன் விவரங்களைத் தானே ஒரு பக்கத்தில் அச்சடிக்கும் வசதி உண்டு. திரை இருந்தால் மெனுவில் இருக்கும், திரை இல்லாத சின்ன மாடல்களில் ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கமே வராவிட்டால் பேப்பர், டோனர், ஜாம் என்று அங்கேயே தேடுங்கள். வந்துவிட்டால் அதில் ஐபி முகவரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் பிரவுசரில் தட்டுங்கள். நெட்வொர்க் பிரிண்டர் என்றால் அநேகமாக அதன் சொந்தப் பக்கம் திறக்கும். திறந்தால் வழி சரி, தவறு கம்ப்யூட்டரில் உள்ள அமைப்பில். திறக்காவிட்டால் கேபிள், சுவிட்ச், வைஃபை என்று வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் பாதிப் பிரச்சினை ஒதுங்கிவிடும்.

சிலர் பிங் அடித்து, அதாவது அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கம்ப்யூட்டரிலிருந்து குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு "பதில் வருதே" என்பார்கள். அதில் இரண்டு பொறி உண்டு. போய்ச் சேர முடியவில்லை என்று உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும் செய்தியும் பார்வைக்குப் பதில் மாதிரிதான் இருக்கும், வரியை முழுதாகப் படிக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பழைய முகவரி இப்போது யாரோ ஒருவரின் செல்போனுக்குப் போயிருக்கலாம், பதில் சொல்வது போன்.

இந்த முகவரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கிறது, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை போல. கரண்ட் போய் வந்தால் பல ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டு, முதலில் வருபவருக்கு முதல் முகவரி என்று கொடுக்க ஆரம்பிக்கும். நேற்று வரை 192.168.1.12 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.17. கம்ப்யூட்டரோ இன்னும் 12-ஆம் எண் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் திறக்காததால் ஆஃப்லைன் என்கிறது. இன்னொரு விதமும் உண்டு. கரண்ட் வந்ததும் பிரிண்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் எழ ஓரிரு நிமிடம் ஆகும். முகவரி கேட்டுப் பார்த்துப் பதில் வராத பிரிண்டர் தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளும். விவரப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் வேறெதுவும் தேட வேண்டாம். ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரி வரவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பார்த்துவிட்டு, ரவுட்டர் முழுதாக எழுந்த பிறகு பிரிண்டரை மட்டும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

சரி, முகவரி மாறாமல் இருக்க என்ன செய்வது? இங்கேதான் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் செய்யும் தவறு வருகிறது. பிரிண்டர் மெனுவில் போய் ஏதோ ஓர் எண்ணை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள். அந்த எண் ரவுட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரிசைக்குள்ளேயே இருந்தால், ஒருநாள் புதிதாக வந்தவரின் லேப்டாப்புக்கும் அதே எண் போகும், அதற்கப்புறம் பிரிண்ட் சில நேரம் வரும், சில நேரம் வராது. இந்த "சில நேரம்" கோளாறு மாதிரித் தலைவலி வேறில்லை. ரவுட்டர் அமைப்பில் பிரிண்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கப்படும் அடையாள எண்) கொடுத்து, இன்ன எண்ணை இதற்கு மட்டும் ஒதுக்கு என்று சொல்லிவிடுவதுதான் சுத்தமான வழி. அந்த வசதி இல்லாவிட்டால் ரவுட்டர் கொடுக்கும் வரிசையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, பிரிண்டருக்கு 50 என்று வெளியில் ஓர் எண் கொடுக்கலாம்.

அப்புறம் கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சேர்க்கும்போது, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துக் காட்டுவதை அப்படியே அமுக்கிவிடாதீர்கள். பல சமயம் அது பிரிண்டரை டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் (பிரிண்டரை அடைய விண்டோஸ் வைத்துக்கொள்ளும் வழி) உட்கார வைக்கும், நன்றாகத்தான் ஓடும், திடீரென்று ஒருநாள் ஆஃப்லைன் ஆகும். ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து முகவரியை நீங்களே தட்டுவது மேல். பிரிண்டர் பட்டியலில் ஒரே மாடல் "காப்பி 1", "காப்பி 2" என்று குட்டி போட்டிருந்தால், யாரோ இதற்கு முன் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்து மற்றதை நீக்குங்கள்.

முகவரி, போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால் அது பொய்யாகவும் இருக்கலாம். அச்சு வேலை பெரும்பாலும் பிரிண்டரின் 9100 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் போர்ட், அதாவது வாசல், வழியாகப் போகிறது. ஆனால் பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று விண்டோஸ் விசாரிப்பது கருவிகளின் நிலையைக் கேட்கும் எஸ்என்எம்பி என்ற முறை மூலம், 161 என்ற வேறு போர்ட்டில். அங்கே பதில் வராவிட்டால் பிரிண்டர் விழித்துக்கொண்டிருந்தாலும் ஆஃப்லைன் முத்திரைதான். போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். யாராவது தெரியாமல் "யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்" என்பதை அமுக்கி வைத்திருக்கிறார்களா என்பதையும்.

அடுத்த தவறு எல்லோரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். வரவில்லை என்று பிரிண்டை மறுபடி மறுபடி கொடுப்பது. முதல் வேலை சிக்கிக்கொண்டால் பின்னால் வருபவை ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும், யாரும் நகர மாட்டார்கள். கோளாறு சரியான அடுத்த நிமிடம் நாற்பது பக்க பேலன்ஸ் ஷீட் எட்டுப் பிரதி வந்து விழும். கேன்சல் கொடுத்தும் நீங்காமல் தொங்கினால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள். நிறுத்துவதற்கு முன் அழிக்கப் போனால் அழியாது, அதற்காகக் கோபப்பட்டுக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தவரையும் பார்த்திருக்கிறேன்.

பிரிண்ட் கொடுத்தேன், எங்கே போனதென்றே தெரியவில்லை என்றால் டிஃபால்ட் பிரிண்டரைப் பாருங்கள். விண்டோஸ் 10-லிருந்து, கடைசியாகப் பயன்படுத்தியதையே டிஃபால்ட்டாக வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. காலையில் ஒருமுறை பிடிஎஃப்பாகச் சேமித்தால் மதியம் டேலி பில்லும் அங்கேயே போகும். அமைப்பில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகள் கொட்டினால் டிரைவர் தவறு. இந்த இடத்தில் மட்டும் டிரைவரை மாற்றுங்கள், தாராளமாக.

யூஎஸ்பியில் ஒரு கம்ப்யூட்டரோடு கட்டி, மற்றவர்களுக்கு ஷேர் கொடுக்கும் பழைய பிரிண்டர்கள் தனிக் கதை. ஹெச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் எத்தனையோ ஆபீஸ்களில் ஓடுகிறது. அதில் நெட்வொர்க் வசதி கிடையாது, போதாததற்கு ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் மென்பொருளை, கம்ப்யூட்டரிலிருந்துதான் வாங்கிக்கொள்ளும். ஆகவே அது கட்டப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர் தூங்கினால் பிரிண்டரும் தூங்கியதற்குச் சமம். முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் ஸ்லீப்பை நிறுத்துங்கள்.

இந்த ஷேர் வகையில் 2021 ஒரு திருப்பம். அந்த வருடம் ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்தில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது, மைக்ரோசாஃப்ட் அடுத்தடுத்து அடைப்புப் போட்டது. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின் பல ஆபீஸ்களில் ஷேர் பிரிண்டரைச் சேர்க்கப் போனால் 11பி என்று முடியும் பிழை எண் வர ஆரம்பித்தது. அப்போது பரவிய வைத்தியம் இரண்டு: அப்டேட்டை நீக்கு, இல்லாவிட்டால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு. இரண்டுமே பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு எளிதாகத் திறக்கிறது என்று சந்தோஷப்படுவதுதான். முதலில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்டேட் சமமாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சேர்க்க வேண்டிய கம்ப்யூட்டரில் டிரைவரை நேரடியாகப் போட்டு, லோக்கல் போர்ட் ஒன்றை உண்டாக்கி அதில் பிரிண்டர் கட்டியிருக்கும் கம்ப்யூட்டரின் பெயரோடு சேர்த்து ஷேர் பெயரைக் கொடுங்கள். பல இடங்களில் இதிலேயே முடிந்துவிடும்.

வைஃபை பிரிண்டர் என்றால் சுருக்கமாக: நிறைய மாடல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5-இல் தேடினால் கிடைக்காது. விருந்தினர் வைஃபையில் இருக்கும் லேப்டாப்புக்குப் பிரிண்டர் கண்ணிலேயே படாது. வேறொரு நெட்வொர்க் வழியாக இணைக்கும் விபிஎன் ஓடினால் அணைத்துப் பாருங்கள். எதுவும் நடக்காமல் இணையத்தில் டோல் ஃப்ரீ எண் தேடிக் கூப்பிட்டு, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கவிடும் எனிடெஸ்க்கைப் போடச் சொன்னால் உடனே போனை வையுங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண் மட்டும்தான் எண்.

ஆடிட்டர் ஆபீஸுக்கு வருகிறேன். அங்கே யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் சொருகி, ரவுட்டரைச் சுவர் பிளக்கில் விட்டிருந்தார்கள். சரியாகத் தலைகீழ். லேசரின் உள்ளே பேப்பரைச் சூடாக்கும் பகுதி இழுக்கும் கரண்டுக்குச் சின்ன யூபிஎஸ் தாங்காது, ட்ரிப் ஆனால் கம்ப்யூட்டர்களும் சேர்ந்து அணையும். இரண்டையும் மாற்றிச் சொருகினேன். ரவுட்டரில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை ஒதுக்கி, அதை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி பிரிண்டர் மூடியில் செல்லோ டேப்பால் ஒட்டினேன். "இதுக்கு மூணு மணி நேரமா சார்?" என்றார் ஆடிட்டர். பையன் என்னைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.