அணு உலைப் பாதுகாப்பு இலக்கு: கணக்கு எங்கே சறுக்குகிறது?

ஓர் அணு உலையின் எரிபொருள் பெருஞ்சேதம் அடையும் விபத்து 10,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் நடக்கக் கூடாது. இயங்கிவரும் உலைகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் இலக்கு இது. கேட்டதும், சரி, பேரன் பேத்தி காலத்திலும் கவலையில்லை என்று தோன்றும். முதல் தவறே அதுதான். அது ஒற்றை உலைக்கான கணக்கு. உலகில் 400-க்கும் மேற்பட்ட உலைகள் ஓடுகின்றன. எல்லாமே இலக்கின் விளிம்பில் நின்றால், 25 ஆண்டுக்கு ஒரு விபத்து! புதிய உலைகளுக்கு 1,00,000 ஆண்டு என்று சர்வதேச அளவில் பத்து மடங்கு கடுமையாக்கியது சும்மா இல்லை.

அடுத்தது, எதை எண்ணுவது என்பது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது 1979-இல். அப்புறம் 1986-இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் இலக்கை வெளியிட்டது. உலையைச் சுற்றி ஒரு மைலுக்குள் வசிப்பவருக்கு உலை விபத்தால் உடனடி மரணம் நேரும் அபாயம், மற்ற விபத்துகளால் அவருக்கு ஏற்கெனவே உள்ள அபாயத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்து மைலுக்குள் புற்றுநோய் மரணத்துக்கும் அதே விகிதம். நல்ல யோசனைதான். ஆனால் அது சராசரித் தனிமனிதருக்கான அளவு. அங்கே நூறு பேர் வசித்தாலும் ஒரு லட்சம் பேர் வசித்தாலும் விடை மாறாது. மரணம் தவிர வேறு எதுவும் அதில் ஏறுவதும் இல்லை. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் 2011-இல் கதிர்வீச்சால் உடனடியாக யாரும் இறக்கவில்லை; ஊரைவிட்டு வெளியேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மரணத்தை மட்டும் எண்ணும் இலக்கில் இந்த இழப்புக்கு இடமே கிடையாது.

ஃபுகுஷிமாவில் ஒரே சுனாமியில் அடுத்தடுத்து மூன்று உலைகள் உருகின. பக்கத்து உலையே இல்லாததுபோல் ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டால் இது பிடிபடாது.

கடைசியாக ஒன்று. "இலக்கு 10,000, நம் கணக்கு 11,000, தேறிவிட்டோம்" என்று சொல்வது. இந்த வகைக் கணக்கில் பல மடங்கு கூடக்குறைய இருக்கும்; யாருக்கும் தோன்றாத விபத்து அதில் இருக்கவே இருக்காது. அமெரிக்க ஆணையமே தன் எண்களைத் தனித்தனி உலைக்கு உரிமம் தரும் தேர்வாக வைக்கவில்லை. விதிகள் மொத்தமாகப் போதுமா என்று பார்க்கத்தான் வைத்தது.