லாட்டரிக் குழுவில் சேர்வது எப்படி?

பலர் பணம் சேர்த்து அதிகச் சீட்டுகளை வாங்கி, விழும் பரிசைப் பங்கிட்டுக்கொள்வதே லாட்டரிக் குழு. அதில் சேருமுன், உங்கள் பகுதியில் லாட்டரிக்குச் சட்ட அனுமதி உண்டா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

49 எண்களில் 6 எண்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில் மொத்தம் 1,39,83,816 சேர்க்கைகள் உள்ளன. இருபது பேர் ஆளுக்கொரு சீட்டு வீதம் வெவ்வேறு எண்களில் வாங்கினால், முதல் பரிசுக்கான குழுவின் வாய்ப்பு ஏறத்தாழ 6,99,191-இல் ஒன்றாகிறது. ஆனால் வாய்ப்பு இருபது மடங்காகும்போது பரிசில் உங்கள் பங்கும் இருபதில் ஒன்றாகிவிடும் என்பதையும், அப்போதும் பரிசு விழாமல் போகவே வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் மனத்தில் கொண்டு, இழந்தாலும் குடும்பச் செலவைப் பாதிக்காத தொகையை மட்டுமே போடுங்கள்.

தெரிந்தவர்கள்தானே என்று எல்லாவற்றையும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவதே, என் கருத்தில், மிகப் பெரிய தவறு. உறுப்பினர் பெயர்கள், ஆளுக்கு எவ்வளவு, பணம் கட்டக் கடைசி நாள், சீட்டை வாங்கிப் பாதுகாப்பவர் யார், சிறு பரிசுகளைப் பிரிப்பதா அடுத்த சீட்டுகளுக்குச் செலவிடுவதா ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அனைவரும் கையொப்பமிட வேண்டும். விடுப்பில் சென்ற ஒருவர் அந்த வாரப் பணத்தைக் கட்டத் தவறி, அதே வாரம் பரிசு விழுந்தால் அவருக்குப் பங்கு உண்டா? இதற்கான விடையும் அத்தாளில் இருக்கட்டும்.

பொறுப்பாளர் ஒவ்வொரு குலுக்கலுக்கு முன்பும் எண்கள் தெளிவாகத் தெரியும்படி சீட்டுகளைப் படமெடுத்து அனைவருக்கும் அனுப்ப வேண்டும். தம் சொந்தச் சீட்டை அவர் தனியாகவே வாங்க வேண்டும். முன்பின் அறியாதவர் நடத்தும் குழு உறுதியான பரிசு என்று அழைத்தால் சேராதீர்கள்.