நாள் பூரா காட்டு வேலை பாக்குறேன், எனக்கெதுக்கு வாக்கிங்? சுகர் இருக்குறவங்க கிராமத்துல பண்ற தப்புங்க

சுகர் இருக்குற விவசாயி யார்கிட்ட எக்சர்சைஸ் பத்தி பேசினாலும் முதல்ல வர்ற பதில் இந்த தலைப்புதான். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா உழைப்பு வருஷம் பூரா ஒரே மாதிரியா இருக்கு? நடவு, அறுப்புன்னா இடுப்பு ஒடியுற வேலை, அது முடிஞ்சா வாரக்கணக்குல சும்மா உக்காந்திருப்போம், பாதி வேலைய இப்ப மிஷினே பாத்துடுது, ஆனா தட்டுல விழுற சாப்பாடு மட்டும் அறுப்பு கால அளவுலயே நிக்கும்.

தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்குற சர்க்கரைய உள்ள இழுத்துக்கும், அந்த பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள் நிக்கும், அவ்ளோதான். போன மாசம் மூட்டை தூக்கினது இந்த மாசத்துக்கு வராது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடக்கணும், தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல கேப் விடக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான். வேலை இல்லாத நாள்ல சாப்பிட்டதும் படுக்காம ஒரு 10, 15 நிமிஷம் நடந்தாலே சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர் நல்லாவே குறையும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு இருக்கு, என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப மோசம். எங்க பெரியப்பா விடியறதுக்கு முன்னாடி மாத்திரைய போட்டுட்டு, சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கலாம்னு வேலைக்கு போயிடுவாரு. ஒரு நாள் 11 மணி இருக்கும், வரப்புல உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல, சட்டை பூரா வேர்வை, கை நடுங்குது, கேட்டா சம்பந்தமே இல்லாம பேசுறாரு. வெயில் தாங்கலைன்னுதான் எல்லாரும் நினைச்சோம். சுகர் பாக்குற மிஷின்ல பாத்தா 58. 70க்கு கீழ போனாலே லோ சுகர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை, சுகரை இறக்குற இன்சுலினை உடம்புல சுரக்க வெக்கும், நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்கு தெரியாது. இன்சுலின் ஊசி போடுறவங்களுக்கும் இதே கதைதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தா இப்படி ஆகுறது அபூர்வம். அந்த நேரத்துல 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடிக்கணும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும், ஏறலைன்னா இன்னொரு தடவை குடிக்கணும். ஆள் மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், நேரா ஆஸ்பத்திரிதான். இப்ப பெரியப்பா சட்டைப் பையில எப்பவும் ஒரு சர்க்கரை பொட்டலம் இருக்கும். அதுக்காக பயந்துபோய் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட "எனக்கு வேலை நாள் வேற, சும்மா இருக்குற நாள் வேற"ன்னு சொல்லுங்க, அவரா கேக்க மாட்டாரு.

தூக்கத்தை யாருமே ஒரு விஷயமா எடுத்துக்கிறதில்ல. நைட்டு தண்ணி பாய்ச்ச போறது, மாட்டுக்கு எந்திரிக்கிறது, மிச்ச நேரம் ஃபோன். 7 மணி நேரம் தூங்கலைன்னா இன்சுலின் சரியா வேலை செய்யாது, மறுநாள் பசியும் கூடும். நைட்டு நாலு தடவை யூரினுக்கு எந்திரிக்கிறவங்க சாயங்காலத்துலேர்ந்தே தண்ணிய நிறுத்திடுறாங்க, அது தப்பு. சுகர் 180 தாண்டினா பொதுவா யூரின்ல இறங்க ஆரம்பிக்கும், கூடவே தண்ணியையும் இழுத்துட்டு வரும், குறைக்க வேண்டியது சுகரை. அப்புறம் கடுமையா வேலை பாத்த அன்னிக்கு நைட்டு வேர்த்துக் கொட்டுறது, கெட்ட கனவு, காலைல தலைவலின்னு இருந்தா தூக்கத்துலயே சுகர் இறங்கியிருக்கலாம். பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சாப்பாட்டுல, "நம்ம நிலத்துல விளைஞ்சது, மருந்து அடிக்காதது"ன்னு ஒரு நம்பிக்கை. சுத்தமான மாவுச்சத்தும் சர்க்கரையாத்தான் மாறும், தேனும் சுகரை ஏத்தத்தான் செய்யும். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு முட்டை மீன் மாதிரி புரதம், மீதி கால்தான் தானியம், இந்த கணக்கு போதும். பகல் பூரா பட்டினி கிடந்துட்டு நைட்டு 9 மணிக்கு மொத்தமா சாப்பிட்டு அப்படியே படுக்குற பழக்கம் இருந்தா காலை சுகர் ஏன் இறங்கலைன்னு ஆச்சரியப்படவே வேண்டாம்.

கடைசியா கால். ரொம்ப நாள் சுகர் இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிடும், முள்ளு ஏறினாலும் தெரியாது, வெறுங்கால்ல சேத்துல இறங்கினா புண்ணு சீழ் வெச்ச அப்புறம்தான் கண்ணுல படும். வலிக்கு சுடுதண்ணியில கால் வெக்கிறதும் வேணாம், கொப்பளிச்சாலும் தெரியாது. செருப்பை தட்டிட்டு போடுங்க, நைட்டு கால் கழுவிட்டு விரலிடுக்கை துடைச்சு பாருங்க, குனிய முடியலைன்னா தரையில ஒரு கண்ணாடிய வெச்சு பாருங்க, இல்ல வீட்டுல இருக்குற பசங்களை கூப்பிட்டு பாக்கச் சொல்லுங்க.